மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை!

காஞ்சீபுரத்துக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கேள்விகள் வரும். "புடவை எடுக்கவா?" என்பது முதல் கேள்வி. "அல்லது கோயிலுக்கா?" என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் தலையை ஆட்டாமல், "சைக்கிள் விடப் போகிறேன்" என்று சொன்னீர்களானால், கேட்டவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். வெயில் அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டாலும் படுவார்.

ஆனால் விஷயம் வேடிக்கை அல்ல. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன அந்த ஊரைச் சுற்றிப் பாலாறு, செய்யாறு, வேகவதி என்று மூன்று ஆறுகள் ஓடுகின்றன. ஓட வேண்டும் என்று சொல்வதுதான் சரி. அந்தச் சமாசாரத்துக்குப் பிறகு வருகிறேன். இந்த மூன்று ஆறுகளின் பள்ளத்தாக்கிலும், ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப் பாட்டை என்று செம்மண்ணும் சரளையுமாக எத்தனையோ பாதைகள் கிடக்கின்றன. காரில் போகிறவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. நடந்து போகிறவருக்கோ அவை முடிவதில்லை. சைக்கிளில் போகிறவருக்கு மட்டுமே அந்தப் பாதைகள் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகின்றன.

சீமைப் பணக்காரரும் நம் ஊர்ப் பால்காரரும்

மேல் நாடுகளில் இப்போது இது ஒரு பெரிய மோகமாகவே ஆகியிருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கி, சரளைப் பாதையில் ஆற்றங்கரையோடும் மலையோடும் நாள் முழுவதும் சைக்கிள் விடுகிறார்கள். இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தின் வெள்ளைச் சரளைச் சாலைகளை அழியாமல் காக்க வேண்டுமென்று 1997-ல் சிலர் கூடி, 'லெரோய்க்கா' என்று ஒரு சைக்கிள் விழாவை ஆரம்பித்தார்கள். பழைய காலத்துச் சைக்கிளில், பழைய காலத்து உடுப்பில், பழைய சாலையில் போக வேண்டும் என்பது அங்கே விதி. அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்தில் 2006-லிருந்து இருநூறு மைல் சரளைப் பாதைப் பந்தயம் நடக்கிறது. 2022-ல் இதற்கென்று தனியாக உலக சாம்பியன் போட்டியே இத்தாலியில் நடந்தது.

இந்தப் பிரயாணத்துக்கென்று தனியாகச் சைக்கிளும் வந்துவிட்டது. அதன் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அதன் முக்கிய ரகசியம் என்ன தெரியுமா? டயர்தான். பந்தயச் சைக்கிளின் டயர் விரல் பருமன் என்றால் இது அதைவிடக் கணிசமாகப் பருமனானது. சுமார் நாற்பது மில்லி மீட்டர் அகலம். அதில் காற்றையும் இறுக அடைக்காமல் கொஞ்சம் தளர விடுவார்கள். கல்லின்மேல் ஏறும்போது டயர் தானே குழிந்து கொடுத்து, அதிர்ச்சியைக் கைக்கும் முதுகுக்கும் வரவிடாமல் விழுங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் தாத்தாவின் பழைய கறுப்புச் சைக்கிளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பால்காரரும் தபால்காரரும் அரை நூற்றாண்டுக் காலம் மிதித்த அதே சைக்கிள். அதன் டயர் அளவு 'இருபத்தெட்டுக்கு ஒன்றரை'. ஒன்றரை அங்குலம் என்றால் முப்பத்தெட்டு மில்லி மீட்டர்! கரடுமுரடான கிராமத்து ரோட்டுக்காகவே அமைந்த சைக்கிள் அது. இன்றைக்குச் சீமைப் பணக்காரர் ஆசை ஆசையாய் வாங்கும் டயரைத்தான் நம் ஊர்ப் பால்காரர் இத்தனை நாளும் உருட்டிக்கொண்டிருந்தார். கியர் கிடையாது, பிரேக் சுமார்தான் என்பது வாஸ்தவம். ஆனால் சமதளமான ஆற்றுப் பிரதேசத்தில் கியர் இல்லாததால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஆகையால் சைக்கிள் இல்லை என்ற சாக்குச் செல்லாது. பாதை எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? கூரத்தில் ஆரம்பியுங்கள்.

பெரும்பிடுகு வந்த வழி

காஞ்சீபுரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டரில் இருக்கிறது கூரம். சாவதானமாக மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வயலும் ஏரியும் தோப்புமாகப் பார்வைக்கு மிகச் சாதாரணமான கிராமம். ஆனால் சரித்திரக்காரர்களிடம் கூரம் என்று சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவர வர்மப் பல்லவன் இந்த ஊரில் சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுத்தான். வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருஹம் என்று அதற்குப் பெயர். யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. மலையைக் குடைந்து கோயில் செய்துகொண்டிருந்த பல்லவர்கள், கல்லின்மேல் கல் வைத்துக் கட்டத் தொடங்கியதற்குத் தமிழ்நாட்டில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று. சிதைந்துபோய்ச் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கும் காஞ்சிக் கைலாசநாதருக்கும் இது மூத்த சகோதரி என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இதே ஊரிலிருந்து கிடைத்த செப்பேடுகள் 1890-ஆம் வருஷத்திலேயே அச்சில் வந்துவிட்டன. அவற்றில் அரசனுடைய யுத்தப் பிரதாபங்கள் நிறைய உண்டு. அவற்றை ஆண்பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது வேறு. கோயிலுக்குக் கொடுத்த பரமேசுவர மங்கலம் என்ற கிராமத்தை இருபத்தைந்து பங்காகப் பிரித்து, எந்தப் பங்கு எதற்கு என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்க ஒரு பங்கு. கதை கேட்க வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமே, இருட்டினால் வெளிச்சம் வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் எதை முதலில் கவனிப்போமோ, அதையே ராஜசாசனத்தில் எழுதி வைத்த காலம் அது!

இன்னொரு விஷயமும் அந்த ஏட்டில் இருக்கிறது. கூரத்தில் பரமேசுவர தடாகம் என்று ஒரு ஏரி வெட்டினார்கள். அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதாவது, சுமார் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இந்த ஊருக்கும் பாலாற்றுக்கும் ஒரு பாதை போட்டாகிவிட்டது. அது தண்ணீர் வந்த பாதை. நாம் தேடுவதும் அதைப் போன்ற பாதையைத்தான்.

தண்ணீர் போட்ட ரோடு

தார் ரோடு மனிதன் அவசரத்துக்குப் போட்டது. ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும் தண்ணீரின் சௌகரியத்துக்குப் போட்டவை. தண்ணீருக்கு மேடு ஏறத் தெரியாது. திடீரென்று பள்ளத்தில் விழுந்தாலோ கரையை அரித்துவிடும். ஆகவே கால்வாய் வெட்டியவர்கள் தரையின் மெல்லிய சரிவைக் கண்டுபிடித்து, மேடு வந்தால் சுற்றி வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கரையோடு சைக்கிளில் போகிறவளுக்கும் இதனால் மூச்சு வாங்குவதில்லை. பல்லவர் காலத்து எஞ்சினீயர் நமக்காக ரோட்டின் ஏற்றத்தை அளந்து வைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் பிரதேசத்தில் தரை மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்து போகிறது. ஏரிக்குக் கரை தாழ்ந்த பக்கத்தில்தான் வேண்டும். ஆதலால் பெரும்பாலும் கிழக்கே கரை, மேற்கே தண்ணீர். மாலையில் கரைமேல் சைக்கிளை நிறுத்தினால், நிறைந்த ஏரிக்கு அப்பால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஓர் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு. மாலையில் பூக்களைத் தொடுப்பதுபோல் ஏரிகளைத் தொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் கையில் படம் இல்லாமலே ஊர் ஊராகப் போய்ச் சேரலாம்.

கூரத்து ஆண்டாள் கேட்ட பயம்

"எல்லாம் சரி, பெண்பிள்ளைகள் தனியாக அந்தப் பாதைகளில் எப்படிப் போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இதற்கும் கூரத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

ஸ்ரீ ராமாநுஜரின் பிரதான சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. அவர் பெரும் செல்வர். இரவும் பகலும் வந்தவர்களுக்கெல்லாம் அன்னமிட்டு, நெடுநேரம் கழித்துத்தான் அவர் வீட்டுக் கதவைச் சாத்துவார்களாம். அந்தப் பெரிய கதவு மூடுகிற சப்தம் காஞ்சிப் பெருந்தேவித் தாயாரின் சந்நிதி வரையில் கேட்டது என்பது வைஷ்ணவ சம்பிரதாயக் கதை. தம்முடைய செல்வத்தின் ஓசை அத்தனை தூரம் கேட்டுவிட்டதே என்று ஆழ்வான் வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு, மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார்.

காட்டு வழி. இருட்டு. ஆண்டாளுக்குப் பயம் வந்தது. "இங்கே ஏதாவது பயம் உண்டா?" என்று கேட்டாள். "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? உன்னிடம் என்ன இருக்கிறது?" என்றார் ஆழ்வான். தினமும் அவர் தண்ணீர் அருந்துகிற பொன் வட்டிலை மட்டும் அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். தனக்காக அல்ல, கணவருக்காக. அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "இனிமேல் பயமில்லை, வா" என்று நடந்தாராம்.

கதையை நான் சொன்னது வைராக்கியத்துக்காக அல்ல. பெண்களாகிய நாம் எங்கே புறப்பட்டாலும் யாருடைய பொன் வட்டிலையாவது மடியில் முடிந்துகொண்டுதான் புறப்படுகிறோம் என்பதற்காகச் சொன்னேன். அடுப்பில் வைத்த பால், பையனுடைய பரீட்சை, மாமியாருடைய மாத்திரை, அவருடைய சட்டைப் பொத்தான். அரை நாள் வெளியே போவதற்குள் ஆயிரம் கனம். காட்டிலே திருடன் இருக்கிறானோ இல்லையோ, இந்தக் கனமே பாதிப் பெண்களை வாசற்படியில் நிறுத்திவிடுகிறது.

புதுக்கோட்டை காட்டிய வழி

அந்த வாசற்படியைத் தாண்டிக் காட்டியவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் ஆரம்பமானபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும், வயல் வேலை செய்தவர்களும், ஆசிரியைகளும், நர்ஸுகளும் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992-ஆம் வருஷம் சர்வதேசப் பெண்கள் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு நகரத்தில் ஊர்வலம் போனபோது ஊரே வாயைப் பிளந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை உலகமறிய எழுதியிருக்கிறார். அதில் ஒரு ரஸமான விவரம்: பெண்களில் பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். குழந்தையை உட்கார வைக்க அதில் குறுக்குக் கம்பி இருக்கிறதே!

பிறகு 2001-ல் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு இலவசச் சைக்கிள் தரும் திட்டம் தொடங்கி, சில வருஷங்களில் மாணவர், மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. ஆகவே இன்று சைக்கிள் விடத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கவனியுங்கள். தண்ணீர்க் குடத்துக்காக மிதித்தாள், குழந்தைக்காக மிதித்தாள், பள்ளிக்கூடத்துக்காக மிதித்தாள். மிதிப்பதற்காகவே மிதித்தாளா? ஆற்றைப் பார்க்க மிதித்தாளா? அது இன்னும் பாக்கி இருக்கிறது.

மூன்று பாதைகள்

முதல் பாதை ஆரம்பக்காரர்களுக்கு. காஞ்சீபுரத்திலிருந்து கூரம் போய், பல்லவர் கோயிலையும் கூரத்தாழ்வான் சந்நிதியையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். கூரத்தில் கிடைத்த பழைய வெண்கல நடராஜர், வழக்கமான நடராஜரைப்போல் காலைக் குறுக்கே வீசாமல் முழங்காலை உயர்த்தி ஆடுகிறார். ஆனால் அவரைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அதை மற்றொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதை தெற்கே. காஞ்சியிலிருந்து பாலாற்றைத் தாண்டி சுமார் பத்துக் கிலோ மீட்டரில் மாமண்டூர். இங்கேதான் சமதளம் முடிந்து குன்றுகள் எட்டிப் பார்க்கின்றன. குன்றுகளை இணைத்துக் கரை போட்டு, தூசி மாமண்டூர் ஏரியை அமைத்திருக்கிறார்கள். சித்ரமேக தடாகம் என்று பழைய பெயர். மகேந்திர வர்மன் காலத்தது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. குன்றிலே நான்கு குடைவரைகள். அவற்றில் ஒன்றிலுள்ள கல்வெட்டில் மகேந்திரன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற ஹாஸ்ய நாடகத்தின் பெயர் வருகிறது. சிரிக்கத் தெரிந்த அரசன் வெட்டிய ஏரிக்கரையில் கட்டுச்சாதம் அவிழ்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது பாதை நீளமானது. கிழக்கே வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம், அங்கே பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். காஞ்சியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோ மீட்டர். பெரிய ரோட்டில் பஸ்ஸும் லாரியும் அதிகம். முடிந்தவரையில் உள்பாதைகளிலேயே போவது நலம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் இது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் குன்றுக்குப் பாரிவேட்டைக்கு வந்து, பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளுகிறார். சுற்று வட்டாரத்துப் பெருமாள்களும் அங்கே வந்து கூடுவார்கள். பெருமாளே வருஷத்தில் ஒரு நாள் ஆற்றுப் பிரயாணம் கிளம்பும்போது நாம் கிளம்பக் கூடாதா?

திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1060-களைச் சேர்ந்தது. இந்த ஆற்றங்கரையில் வீரசோழன் என்ற ஆஸ்பத்திரி நடந்ததை அது சொல்கிறது. பதினைந்து படுக்கைகள். ஒரு வைத்தியர், ரண சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு இந்த ஆற்றங்கரையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த அந்த இரண்டு நர்ஸுகளின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்று கல் சாட்சி சொல்கிறது.

இன்னும் காலில் வலுவிருந்தால் தெற்கே உத்திரமேரூர் வரையில் போகலாம். குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் பராந்தக சோழனின் 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்தது எதற்கு? ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்களுக்கு. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரிக்கரையைக் கவனிப்பதற்கென்றே தேர்தல் வைத்த ஜனங்கள் நம் முன்னோர்கள்!

ஆறு எங்கே?

இனி, ஆரம்பத்தில் பாக்கி வைத்த சமாசாரத்துக்கு வருகிறேன். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோ மீட்டர் வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி நீங்கள் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் மணலும் முள்ளும்தான் தெரியும். 2021 நவம்பர் மாதத்தில் இதே ஆற்றில் வெள்ளம் புரண்டு தரைப்பாலங்களை மூழ்கடித்தது. ஆகவே ஆறு செத்துப் போகவில்லை. ஆனால் நோயாளியாகப் படுத்திருக்கிறது.

முன்பு மேலே தண்ணீர் ஓடாத மாதங்களிலும் பாலாறு ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. மணலுக்கடியில் ஊறும் தண்ணீரை, ஆற்றுக்குள்ளேயே சாய்வாக வெட்டிய ஊற்றுக்கால்கள் மூலம் ஊருக்கு இழுத்து வருவார்கள். வருஷா வருஷம் வெள்ளம் வந்து அது தூர்ந்துபோகும். வருஷா வருஷம் ஊரார் கூடிக் குடிமராமத்தாக அதைத் தோண்டுவார்கள். மணல் என்பது பஞ்சு மாதிரி. வெள்ளத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் மெல்ல மெல்ல விடும். வீடு கட்டவென்று அந்தப் பஞ்சையே லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஆற்றின் அடி தாழ்ந்துவிடும். கால்வாயின் வாய் அந்தரத்தில் நிற்கும். அந்த வாய்க்குத் தண்ணீர் எட்டாது. கிணறுகளும் கீழே போகும். ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடப்பார்கள்.

மேலே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுகள் ஆற்றைக் கெடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. நோய் அதோடு தீர்ந்தபாடில்லை. காஞ்சிக்கு அருகே பரந்தூரில் விமான நிலையம் அமைக்கப்போவதாக 2022-ல் அறிவிப்பு வந்ததும், ஏகனாபுரம் முதலான ஊர் ஜனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கவலைகளில் முக்கியமானது ஏரிகளும் வயல்களும் போய்விடுமே என்பது. விமானம் வேண்டுமா, ஏரி வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்த மாலை என்று சொன்னேன் அல்லவா? நடுவில் ஒரு பூவைப் பிய்த்தால் நூலும் அறும் என்பது மாலை தொடுக்கத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இதையெல்லாம் புஸ்தகத்தில் படித்தால் கொட்டாவி வரும். கரைமேல் சைக்கிளில் போனால் கண்ணால் பார்க்கலாம். எந்த மதகு திறக்கிறது, எது துருப்பிடித்திருக்கிறது, எந்த வாய்க்காலில் குப்பை கொட்டியிருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று ஒரு காலை நேரத்தில் தெரிந்துவிடும். ஆள் நடமாடாத கரையில் முள் முளைக்கும். முள் முளைத்த கரையை யாரும் தேட மாட்டார்கள். நடமாட்டம் உள்ள கரைதான் பிழைக்கும். டஸ்கனிக்காரர்கள் சைக்கிள் விட்டுத் தங்கள் சரளைச் சாலைகளைக் காத்துக்கொண்ட ரகசியமும் இதுவே.

மலை ஏற ஆசையா?

ஆற்றைப் பின்பற்றி மேலே போகப் போக மலை வரும். செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். போளூர்ப் பக்கத்திலிருந்தும் ஆலங்காயம் பக்கத்திலிருந்தும் மேலே சாலைகள் ஏறுகின்றன. சாமை விளையும் சரிவுகளும் பலா மரங்களும் ஜமுனாமரத்தூரும் அங்கே உண்டு. காவலூரில் சுமார் எழுநூறு மீட்டர் உயரத்தில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை 1977-ல் உலகம் அறிந்தபோது, சாட்சி சொன்ன தொலைநோக்கிகளில் காவலூரினுடையதும் ஒன்று.

ஆனால் இங்கே கறுப்புச் சைக்கிள் உதவாது. கியரும் நல்ல பிரேக்கும் வேண்டும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் கஷ்டம். சரளையில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். இரண்டையும் மெல்ல மெல்ல விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். 2008 முதல் நடந்துவரும் நீலகிரிச் சைக்கிள் சுற்றுப் பிரயாணத்தில் மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்கள் உண்டு. பெண்களும் அவர்களில் உண்டு. அது பின்னால். முதலில் ஏரிக்கரை, பிறகு மாமண்டூர்க் குன்று, அதன் பிறகு ஜவ்வாது என்று படிப்படியாக ஏறலாம்.

புறப்படுமுன்

மார்கழி, தை, மாசி இந்தப் பிரயாணத்துக்கு ஏற்ற மாதங்கள். மழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும், காற்றும் குளிர்ச்சி. மழை பெய்த மறுநாள் மட்டும் கரைமேல் ஏறாதீர்கள். ஈர மண்ணில் சக்கரத் தடம் பதிந்தால் அடுத்த மழைக்கு அதுவே வாய்க்காலாகிக் கரையை அரிக்கும்.

டயரில் காற்று கொஞ்சம் தளர இருக்கட்டும். ரொம்பவும் தளர்ந்தால் கல்லில் இடித்து டியூப் நசுங்கும். மணல் வந்தால் வீரம் காட்டாமல் இறங்கித் தள்ளுங்கள். வேலிகாத்தான் முள் இந்தப் பிரதேசத்தின் பொதுச் சத்துரு. ஆகவே பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், உபரியாக ஒரு டியூப் அவசியம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், புளியோதரையோ தயிர் சாதமோ ஒரு பொட்டலம். சல்வார் சௌகரியம். புடவைதான் வழக்கம் என்றால் செயின் மூடியும் பின் சக்கரத்துக்கு வலையும் உள்ள லேடீஸ் சைக்கிள் எடுத்துக்கொண்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நகை வேண்டாம். இந்த விஷயத்தில் ஆழ்வான் சொன்னதை அப்படியே கேட்கலாம்.

முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். மூன்று நான்கு பேராகச் சேருங்கள். எந்த ஊர் வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டு, விடியற்காலையில் கிளம்புங்கள். வழியில் களத்துமேட்டில் வேலை செய்யும் அம்மாள்களிடம் பாதை கேளுங்கள். படத்தைவிட அவர்கள் சொல்கிற வழி நம்பகமானது. கூடவே எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எத்தனை குழந்தைகள் என்று அவர்கள் கேட்பதற்கும் பதில் சொல்லத் தயாராயிருங்கள்!

"அது சரி, அன்றைக்கு வீட்டில் காப்பி யார் போடுவது?" என்கிறீர்களா? வீட்டில் இருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அந்தப் பொன் வட்டிலை ஒரு நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் ஒன்றும் களவு போய்விடாது.